அடி தெரியாத குழிகள்

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு தம் தந்தையின் பெருங்குடலிலிருந்து எடுத்த பாலிப்பை, அதாவது குடலின் உட்சுவரில் முளைத்த சிறு வளர்ச்சியை, பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் அதிலிருந்து சீவிய ஸ்லைடுகளையும் கேட்டு ஒரு பெண் எங்கள் திசு நோயியல் ஆய்வகத்துக்கு வந்தார். தந்தைக்கு இப்போது பெருங்குடலின் வலப்பக்கத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. சிகிச்சை தரும் மருத்துவர் பழைய திசுவையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். பழைய கட்டிகளைத் தேடி எடுத்துக் கொடுப்பது எங்களுக்கு அன்றாட வேலை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கையிலிருந்த பழைய அறிக்கையின் அடியில் என் பெயர் இருந்தது. அதையும் என் மேலங்கியில் இருந்த பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, குரலில் கோபம் ஏதும் இல்லாமல் கேட்டார்: "அப்போ ஒண்ணும் இல்லைன்னுதானே டாக்டர் எழுதியிருந்தீங்க?"

நான் அப்படி எழுதவில்லை. "ஏறு பெருங்குடல், 12 மி.மீ.: ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப். டிஸ்பிளாசியா இல்லை" என்றுதான் எழுதியிருந்தேன். செல்கள் புற்றை நோக்கி உருமாறத் தொடங்கியிருப்பதைத்தான் டிஸ்பிளாசியா என்கிறோம். ஆனால் அந்த வரி என் மேசையை விட்டுப் போன பிறகு எப்படி உருமாறியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. குழாய்க் கேமராவால் குடலுக்குள் பார்க்கும் கொலனோஸ்கோபியைச் செய்த மருத்துவர் அதைப் படித்துவிட்டு, இது சாதாரண வளர்ச்சிதான், பத்து வருடம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது "ஒண்ணும் இல்லை" என்று ஆகியிருக்கும். அந்தப் பெண் சொன்னதில் பிழையே இல்லை. என் வரியின் பொருள் அதுதான்.

மெழுகுக் கட்டியை இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். அவர் போன பிறகு, பக்கத்திலிருந்த சக மருத்துவர், "அன்னிக்கே ஒரு ஐஎச்சி போட்டிருந்தா மாட்டியிருக்கும்" என்றார். திசுவில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று எதிர்ப்பொருளைக் கொண்டு தேடி, இருக்கும் இடத்தைப் பழுப்பு நிறத்தில் காட்டும் முறையைத்தான் நாங்கள் ஐஎச்சி என்கிறோம். அந்தப் புரதங்களைத் திசுக் குறிப்பான்கள் என்று சொல்லலாம். சரியான குறிப்பானைப் போட்டிருந்தால் தீங்கற்ற பாலிப்பையும் புற்றாக மாறக்கூடிய பாலிப்பையும் பிரித்திருக்கலாம் என்பது அவர் சொன்னதன் பொருள். இது உண்மையா? அந்தக் கேள்வி மாதக்கணக்கில் என்னை விடவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு இழுப்பறைகள்

நான் படித்த காலத்தில் பெருங்குடல் பாலிப்புகளுக்கு மனத்தில் இரண்டு இழுப்பறைகள் இருந்தன. ஒன்று அடினோமா. அதில் குடலின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய சுரப்பிக் குழிகளைச் சூழ்ந்த செல்களின் உட்கருக்கள் நீண்டு, கறுத்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அடுக்கடுக்காக நிற்கும். நுண்ணோக்கியின் மிகக் குறைந்த பெருக்கத்திலேயே, வெளிர் இளஞ்சிவப்புத் திசுவுக்கு நடுவே நீல மை கொட்டியதைப் போலத் தெரிந்துவிடும். இதற்குக் குறிப்பான் எதுவும் வேண்டியதில்லை. விருப்பப்பட்டு, பெருகும் செல்களைக் காட்டும் கேஐ-67 என்ற குறிப்பானைப் போட்டால், இயல்பான குழியில் அடிப்பகுதியில் மட்டும் இருக்க வேண்டிய செல்பெருக்கம் அடினோமாவில் மேற்பரப்பு வரை ஏறியிருப்பது தெரியும். ஆனால் கண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அது மறுபடி சொல்லும். அடினோமா எப்படிப் புற்றாகிறது என்ற கதையும் தெளிவாக இருந்தது. புற்றுநோய் ஆய்வாளர் பெர்ட் வோகல்ஸ்டைனின் குழு 1988இலும், அவரும் எரிக் ஃபியரானும் சேர்ந்து 1990இலும் வெளியிட்ட கட்டுரைகள், ஏபிசி, கேராஸ், பி53 என்று மரபணுப் பிறழ்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போவதைக் காட்டியிருந்தன. அடினோமாக்களைக் கண்டுபிடித்து அகற்றிவிட்டால் புற்றுநோய் ஏற்படுவது எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 விழுக்காடு வரை குறைகிறது என்று அமெரிக்காவின் தேசிய பாலிப் ஆய்வு 1993இல் அறிவித்தபோது, அந்த இழுப்பறையின் கதை நிறைவு பெற்றுவிட்டதாகவே தோன்றியது.

மற்ற இழுப்பறையில் ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப். மலக்குடலிலும் அதற்கு முந்தைய பகுதியான சிக்மாய்டிலும் சின்னச்சின்னதாக, வெளிறி, பலருக்கும் இருப்பது. குழியின் மேல்பாதி ரம்பத்தின் பற்களைப் போல மடிந்திருக்கும்; குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போலத் தெரியும். அடியை நோக்கி இறங்க இறங்க அந்தப் பற்கள் மறைந்து, குழி ஒடுங்கி, ஒழுங்கான ஒரு புள்ளியில் முடியும். இது அப்பாவி என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். மலக்குடலில் கிடக்கும் 3 மி.மீ. வளர்ச்சியைப் பொறுத்தவரை அது இன்றும் சரிதான். ரம்பப்பல் போன்ற தோற்றம் உள்ளவை எல்லாவற்றையும் ஒரே இழுப்பறையில் போட்டதில்தான் தவறு நேர்ந்தது.

நோயியல் மருத்துவர்கள் எமினா டோர்லாகோவிச்சும் டேல் ஸ்னோவரும் 1996இல் ஒன்றைக் கவனித்தார்கள். ஏராளமான ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்புகள் உள்ளவர்கள் என்று கருதப்பட்ட சிலரின் பாலிப்புகளை உற்றுப் பார்த்தபோது, அவற்றின் கட்டமைப்பு சாதாரண ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்பைப் போல இல்லை. செல்கள் பார்க்கச் சாதுவாகவே இருந்தன. குழிகளின் வடிவம்தான் மாறியிருந்தது. அடியில் ஒடுங்க வேண்டிய குழி அகன்று, தசையடுக்கின் மேல் பக்கவாட்டில் திரும்பிப் படுத்திருந்தது. தலைகீழான ஆங்கில 'T' போலவும், காலணி போலவும், நங்கூரம் போலவும் அதை வர்ணிப்பது எங்கள் துறையில் பழக்கமாகிவிட்டது. இந்த வகைக்குப் பெயர் வைப்பதற்கே நீண்ட காலம் பிடித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு வகைப்பாட்டில் அது அடினோமா என்றும் பாலிப் என்றும் இரட்டைப் பெயருடன் இருந்தது. 2019இல்தான் 'செசைல் செரேட்டட் லீஷன்' என்று ஒரே பெயரானது. இப்படி உருத்திரிந்த குழி ஐயத்துக்கு இடமின்றி ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், அந்தப் பெயரைக் கொடுத்துவிடலாம் என்றும் அதே வகைப்பாடு சொல்கிறது. தமிழில் இதைத் தட்டை ரம்பப்பல் வளர்ச்சி என்று சொல்லிக்கொள்கிறேன். இது பெரும்பாலும் வலப்பக்கப் பெருங்குடலில், தட்டையாக, சளிப்படலம் ஒன்றைத் தொப்பி போல அணிந்துகொண்டு கிடக்கும். கொலனோஸ்கோபியில் கண்ணுக்குத் தப்பவும் எளிது, கண்டாலும் எல்லை தெரியாமல் அரைகுறையாக அகற்றப்படவும் எளிது.

ஆக, தீங்கற்றதையும் தீங்காகக்கூடியதையும் பிரிக்கும் அடையாளம் முழுவதும் குழியின் அடியில் இருக்கிறது. ஸ்லைடில் அந்த அடி தெரிகிறதா என்பதைத் தீர்மானிப்பதோ திசு மெழுகில் எப்படிப் பதிந்தது என்பதும் கத்தி எந்தக் கோணத்தில் போயிற்று என்பதும்தான். ஃபார்மலின் குப்பியிலிருந்து எடுக்கும்போது பாலிப் சுருண்டிருக்கும். மேற்பரப்பு எது, வெட்டுமுனை எது என்று தெரியாமல் துண்டு சாய்ந்து பதிந்துவிட்டால், 4 மைக்ரான் தடிப்பில் சீவும் ஒவ்வொரு சீவலும் குழிகளின் மேல்பாதியை மட்டும் அறுத்துக்கொண்டு போகும். ஸ்லைடு நிறைய நட்சத்திரங்கள் தெரியும். பார்ப்பதற்கு அழகான, ஐயமே எழாத ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்.

பழுப்பு நிறம் எதைக் காட்டுகிறது

அடி தெரியாத இடத்தில் புரதத்தைக் கேட்டால் என்ன என்ற எண்ணம் இயல்பானது. இதில் ஆய்வாளர்கள் நிறைய உழைத்திருக்கிறார்கள், அதை நான் மதிக்கிறேன். தட்டை ரம்பப்பல் வளர்ச்சியின் செல்கள் தாம் பெருங்குடலில் இருப்பதை மறந்துவிட்டு இரைப்பையின் செல்களைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. இயல்பான பெருங்குடலில் காணாத, இரைப்பைக்குரிய மியூசின்கள் எனப்படும் சளிப் புரதங்கள் அவற்றில் தென்படுகின்றன. எம்யூசி5ஏசி என்ற மியூசின் ரம்பப்பல் பாலிப்புகள் பலவற்றிலும் தென்படுவதால் பிரித்தறிய அவ்வளவாக உதவுவதில்லை. குழியின் அடியில் தோன்றும் எம்யூசி6 ஓரளவு உதவும் என்று சிலர் முன்வைத்தார்கள். 2013இல் ஒரு குழு, ரம்பப்பல் பாலிப்புகளில் எந்த மரபணுக்கள் அதிகமாக இயங்குகின்றன என்று மொத்தமாகத் துருவிப் பார்த்து அனெக்சின் ஏ10 என்ற புரதத்தைக் கண்டெடுத்தது. இதுவும் இரைப்பைக்குரியதே. இயல்பான பெருங்குடலில் இதற்கு நிறம் ஏறாது. தட்டை ரம்பப்பல் வளர்ச்சியில் பெரும்பாலும் உட்கருக்கள் பழுப்பாகும். இன்று இந்த வேலைக்குக் கிடைக்கும் குறிப்பான்களில் எனக்கு அதிகம் கைகொடுப்பது இதுதான். ஆனாலும் சில ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்புகளும், குறிப்பாக வலப்பக்கத்தில் இருப்பவை, இதை ஏற்றுக்கொள்கின்றன. சில உண்மையான ரம்பப்பல் வளர்ச்சிகள் ஏற்பதில்லை.

பிஆர்ஏஎஃப் மரபணுவின் வி600இ பிறழ்வைக் காட்டும் எதிர்ப்பொருளும் உண்டு. முதன்முதலில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, நேரடியாகப் புற்றுநோய் மரபணுவையே காட்டுகிறதே, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் சாதாரண ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்பின் நுண்குமிழி வகையிலும் பெரும்பாலானவற்றில் அதே பிறழ்வு இருக்கிறது. இன்னும் வியப்பு என்னவென்றால், நம் தோலில் இருக்கும் மச்சங்களில் பெரும்பாலானவை இதே வி600இ பிறழ்வைச் சுமந்துகொண்டு ஆயுள் முழுவதும் சும்மா இருப்பவை. இது 2003இலேயே தெரியவந்தது. பிறழ்வு வந்ததும் செல்கள் சிறிது பெருகும், பிறகு பி16 போன்ற தடைகள் விழுந்து நின்றுவிடும். அந்தத் தடை கழன்றால்தான் கதை நகரும். கேராஸ் பிறழ்வின் நிலையும் ஏறக்குறைய இப்படித்தான். பெருங்குடலில் நுண்ணிய அளவில் தோன்றும் டிஸ்பிளாசியா இல்லாத குழித்திரள்களில் அது அடிக்கடி காணப்படுகிறது. அவை பெரும்பாலும் எங்கும் போவதில்லை. ஏபிசி பிறழ்வு முன்னால் வந்து அதன்மேல் கேராஸ் சேர்ந்தால் அடினோமா வளர்கிறது. கேராஸ் தனியாக வந்தால் தேங்கிவிடுகிறது. ஒரே மரபணு, ஒரே பிறழ்வு, ஆனால் முன்னால் என்ன நடந்தது என்பதைப் பொறுத்துப் பின்னால் நடப்பது மாறுகிறது. புற்றுநோயில் இருக்கிறது என்பதாலேயே ஒரு குறிப்பான் புற்றுநோயை முன்னறிவித்துவிடாது என்பதை எனக்கு மிகத் தெளிவாகப் புரியவைத்தவை இந்த இரண்டும்தான்.

எம்எல்எச்1 வேறு மாதிரி. டிஎன்ஏ படியெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழைகளைச் சரிசெய்யும் புரதங்களில் அது ஒன்று. இயல்பான செல்கள் எல்லாவற்றின் உட்கருவிலும் இருப்பது. ஆகவே ஸ்லைடு முழுவதும் பழுப்பாக இருப்பதுதான் நல்ல செய்தி. ரம்பப்பல் வளர்ச்சி புற்றாகும் வழியில் மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளில் மெத்தில் தொகுதிகள் ஒட்டிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் எம்எல்எச்1 மரபணுவும் அதற்குப் பலியாகி வாயடைத்துப் போகும். அப்போது பழுப்புக் குழிகளுக்கு நடுவே ஒரு பத்துப் பதினைந்து குழிகள் மட்டும் பழுப்பு ஏறாமல், பின்னணிச் சாயத்தின் நீலத்திலேயே நிற்கும். சுற்றியுள்ள இணைப்புத் திசுவும் நிணச் செல்களும் பழுப்பாகவே இருக்கும். அதனால் நிறமேற்றுவதில் பிழை என்று தள்ளிவிட முடியாது. அந்த நீலத் திட்டு ஏதோ ஒரு எல்லை தாண்டப்பட்டுவிட்டதைக் காட்டுகிறது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் அசையாமல் கிடந்திருக்கக்கூடிய வளர்ச்சி அதன் பிறகு வேகம் பிடிக்கிறது. ஆபத்தைப் பற்றி உண்மையிலேயே ஏதோ சொல்லும் குறிப்பான் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் நான் இதைத்தான் சுட்டுவேன். நிறம் ஏறுவதைக் காணப் பழகிய கண்ணை நிறம் ஏறாததைத் தேடப் பழக்குவது எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்று மாலை

அந்தப் பழைய ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். ஆறு ஆண்டுகளில் நிறம் சற்று மங்கியிருந்தது. நட்சத்திரங்கள். கொஞ்சம் பெரிய நட்சத்திரங்கள்தான், சளி சுரக்கும் கோப்பை செல்கள் சற்று அதிகம்தான். ஆனால் அந்த ஸ்லைடை மட்டும் வைத்துக்கொண்டு இன்று கேட்டாலும் நான் ஏறக்குறைய அதே பெயரைத்தான் சொல்லியிருப்பேன். இது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். சில நிமிடங்களுக்கு மட்டும். பிறகு ஸ்லைடின் ஓரத்தைப் பார்த்தேன். பெருங்குடலின் சளிச்சவ்வுக்கு அடியில் ஓடும் மெல்லிய தசையடுக்கு எங்குமே இல்லை. திசு சாய்ந்து பதிந்திருந்தது. ஒரு குழியின் அடிகூட அந்த ஸ்லைடில் இல்லை. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமலேயே, 12 மி.மீ. அளவும் ஏறு பெருங்குடல் என்ற இடமும் படிவத்தில் தெளிவாக எழுதியிருந்தும், நான் கையெழுத்திட்டிருக்கிறேன்.

மெழுகுக் கட்டியை உருக்கி, துண்டை நிமிர்த்தி மறுபடி பதித்து, ஆழமாகச் சீவச் சொன்னேன். மறுநாள் காலை ஸ்லைடுகள் வந்தன. முதல் இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில், துண்டின் இடது ஓரத்தில், தசையடுக்கின் மேல் ஒரு குழி அடியில் அகன்று இரு பக்கமும் கால் நீட்டிப் படுத்திருந்தது. அதற்கடுத்து இன்னொன்று. பற்கள் அடிவரை இறங்கியிருந்தன. பெயர் சொல்ல எந்த எதிர்ப்பொருளும் தேவைப்படவில்லை. இருந்தும் போட்டேன், ஏனென்றால் சக மருத்துவர் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. அனெக்சின் ஏ10: உட்கருக்கள் பழுப்பு. எம்எல்எச்1: எல்லாக் குழிகளிலும் பழுப்பு, எங்கும் இழப்பு இல்லை. அந்தப் பெண் கொண்டுவந்த அறுவை சிகிச்சை அறிக்கையோ புற்றுக்கட்டியில் எம்எல்எச்1 இல்லை என்றும் பிஆர்ஏஎஃப் வி600இ இருக்கிறது என்றும் சொன்னது. ரம்பப்பல் வழியாக வந்த புற்றுநோயின் கையெழுத்து அது.

இந்த இரண்டு ஸ்லைடுகளையும் அருகருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெயரைச் சொல்லும் குறிப்பான் ஆம் என்கிறது. ஆபத்தைச் சொல்லும் குறிப்பான், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால், அமைதியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கும். நான் அன்று எம்எல்எச்1 மட்டும் போட்டிருந்தால் இன்னும் அதிகத் துணிவோடு 'டிஸ்பிளாசியா இல்லை' என்று எழுதியிருப்பேன். அதுவும் உண்மையாகவே இருந்திருக்கும். ஆக, திசு பொய் சொல்லவில்லை, குறிப்பானும் பொய் சொல்லியிருக்காது. அந்த மனிதருக்கு மட்டும் புற்றுநோய் வந்துவிட்டது.

எந்தப் பாலிப்பைப் பற்றிக் கேட்கிறோம் என்பதையே நான் சரியாக யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இது தீங்கற்றதா, புற்றாகக்கூடியதா என்று எங்களிடம் கேட்கிறார்கள். ஆனால் எங்கள் மேசைக்கு வந்த பாலிப் இனி யாருக்கும் எந்தத் தீங்கும் செய்ய முடியாது; அது குப்பிக்குள் ஃபார்மலினில் ஊறி, மெழுகில் உறைந்துவிட்டது. அதன் எதிர்காலம் முடிந்துவிட்டது. எங்கள் பதில் தேவைப்படுவது உள்ளே விட்டுவந்த பெருங்குடலுக்கு. அங்கே அந்தப் பாலிப்பின் விளிம்பில் ஒரு துணுக்கு மிச்சம் இருக்கிறதா, அதே மண்ணில் இன்னொன்று முளைத்துக்கொண்டிருக்கிறதா, அந்த மனிதர் எத்தனை ஆண்டுகளில் மறுபடி வர வேண்டும் என்பவைதான் உண்மையான கேள்விகள். 5 முதல் 20 மி.மீ. வரையிலான பாலிப்புகளை அகற்றிய பிறகு விளிம்புகளிலிருந்து திசு எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஒட்டுமொத்தமாக 10 விழுக்காடு பாலிப்புகள் முழுமையாக அகற்றப்படவில்லை, தட்டை ரம்பப்பல் வளர்ச்சிகளிலோ அது 31 விழுக்காடு. எந்தக் குறிப்பானும் குப்பிக்குள் இருக்கும் துண்டைப் பார்த்து இந்த மிச்சத்தைச் சொல்லிவிடாது. பெயர் மட்டும் சரியாக இருந்திருந்தால், 12 மி.மீ. ரம்பப்பல் வளர்ச்சி என்று தெரிந்த மருத்துவர் மூன்று ஆண்டுகளில் வரச் சொல்லியிருப்பார். மூன்றாம் ஆண்டில் அங்கே என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. பத்து ஆண்டுகள் என்ற வாக்குறுதி அவருக்குக் கிடைத்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

குறிப்பான்களை எங்கே வைப்பது

வலப்பக்கத்து ரம்பப்பல் பாலிப் எதுவானாலும் அனெக்சின் ஏ10 போட்டுவிடலாமே என்று சக மருத்துவர் இன்றும் சொல்கிறார். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. எனினும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. என் ஸ்லைடில் இல்லாமல் போனது குழியின் அடி. அடி இல்லாத சீவலில் பழுப்பு நிறம் ஏறினாலும், ஐயத்தோடு எழுத வேண்டியிருக்கும். ஏறாவிட்டாலோ, அடியைப் பார்க்காமலேயே பார்த்துவிட்ட நிம்மதி வந்துவிடும். இந்த இரண்டாவது நிலைதான் எனக்கு அச்சம் தருகிறது. துண்டை நிமிர்த்திப் பதிப்பதும் இன்னும் மூன்று நிலைகள் ஆழமாகச் சீவுவதும் தொழில்நுட்பர் ஒருவரின் பொறுமையைத்தான் கேட்கின்றன. அதற்குப் பிறகும் அடி தெரியவில்லை, அல்லது தெரிந்தும் ஒரு குழி மட்டும் இரண்டுங்கெட்டானாக நிற்கிறது என்றால் அப்போது அனெக்சின் ஏ10 தன் வேலையைச் செய்யட்டும். அதேபோல, ரம்பப்பல் வளர்ச்சியின் ஒரு மூலையில் குழிகள் திடீரென நெருங்கியிருந்தாலோ, செல்களின் நிறம் மாறியிருந்தாலோ எம்எல்எச்1 போடத் தயங்கவே கூடாது என்பேன். டிஸ்பிளாசியா அங்கே அடினோமாவில் வருவது போலக் கறுத்துத் தெரிவதில்லை. சில வேளைகளில் செல்கள் வெறுமே கொஞ்சம் சிவந்து, கொஞ்சம் நேராக நிற்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் நீலத் திட்டு ஒன்று கிடைத்தால் தயக்கமெல்லாம் தீர்ந்துவிடும்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்தபோது உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். பழைய ஸ்லைடையும் புதிய ஸ்லைடையும் திரையில் காட்டினேன். இந்தக் குழி அன்று என் கண்ணில் படவில்லை, படுவதற்கு வேண்டியதை நான் செய்யவும் இல்லை என்று சொன்னேன். திருத்திய அறிக்கையைத் தேதியிட்டு, முன்பு எழுதியது என்ன, இப்போது எழுதுவது என்ன, ஏன் மாறியது என்று மூன்றையும் குறிப்பிட்டுக் கொடுத்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ சின்னதா?" என்றார். ஆமாம் என்றேன். "மூணு வருஷத்துல கூப்பிட்டிருந்தா அப்பாவுக்கு இது வந்திருக்காதா?" என்று கேட்டார். வராமல் இருந்திருக்கலாம், அல்லது சிறிதாக இருக்கும்போதே பிடித்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்றேன். பெற்றோருக்கு வந்திருப்பதால் அவரும் உடன்பிறந்தவர்களும் 40 வயதிலேயே கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்பதையும் சொன்னேன். தமக்கு ஏற்கெனவே 43 என்றார்.

இப்போது ரம்பப்பல் பாலிப்புகளுக்கு நான் எழுதும் அறிக்கை முன்பைவிட நீளமாகிவிட்டது. இடம், அளவு, துண்டு முழுதாக வந்ததா சிதறி வந்ததா, குழிகளின் அடி எத்தனை நிலைகளில் தெரிந்தது என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். அடி தெரியாதபோது 'ரம்பப்பல் பாலிப். குழிகளின் அடி மதிப்பிடும் அளவுக்குத் தெரியவில்லை. இடத்தையும் அளவையும் கருதித் தட்டை ரம்பப்பல் வளர்ச்சியாகவே வைத்துத் தொடர வேண்டுகிறேன்' என்று எழுதுகிறேன். போன வாரம் கொலனோஸ்கோபி செய்யும் மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இப்படி எழுதினால் நோயாளியிடம் என்னவென்று சொல்வது, ஆமா இல்லையா என்று கேட்டார். அகற்றிய இடத்தின் விளிம்பு அவருக்குத் திருப்தியாக இருந்ததா என்று நான் திருப்பிக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, சளிப்படலம் இருந்ததால் இடது ஓரம் சரியாகத் தெரியவில்லை, துண்டு துண்டாகத்தான் எடுக்க முடிந்தது என்றார். ஆறு மாதத்தில் அந்த இடத்தை மறுபடி பார்த்துவிடலாம் என்று அவரே சொன்னார்.